இராயப்புவின் அரை மீசையும் இரண்டு பாஷைகளும்

தேற்றாத்தீவு இராயப்பு ஐந்து வருடத்துக்கு ஒரு மாதம் குறைய அரை மீசையோடு திரிந்தார். வலது பக்கம் மூக்கடியில் புறப்பட்டுக் கன்னத்தின் பாதிவரை போய் முறுக்கி நிற்கும் மீசை. இடது பக்கம் மழித்த வெறும் உதடு. பஸ்ஸில் வலப்புறம் இருந்து பார்த்தவர்கள், யாரோ ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் ஏறிவிட்டார் என்று எழும்பி இடம் கொடுத்தார்கள். இடப்புறம் இருந்து பார்த்தவர்கள் கோயில் மணி அடிக்கிறவர்தானே என்று இருந்த இடத்தில் இருந்தார்கள். இதற்குச் சண்டையோ நோயோ காரணமில்லை. உலகத்தின் இரண்டு மூலைகளில், ஒன்றையொன்று கேள்விப்படாமலே இருக்கிற இரண்டு பாஷைகள்தான் காரணம்.

எழுபத்தாறாம் ஆண்டு இராயப்பு கொழும்புத் துறைமுகத்தில் ஒரு கிரேக்கச் சரக்குக் கப்பலில் ஏறினார். பதவி, இரண்டாவது சமையற்காரர். அதாவது முதலாவது சமையற்காரர் கறி கிண்டுவார், இரண்டாவது சமையற்காரர் உருளைக்கிழங்கு உரிப்பார். அதே குசினியில், கப்பலின் சமையலறையில், கூட உரித்தவன் றொடெல், பிலிப்பைன்சில் செபு என்ற தீவுக்காரன். ஏழு வருடம் இருவருக்கும் நடுவில் ஒரு கிழங்கு மூட்டை. அந்த மூட்டைக்கு மேலால்தான் செபுவானோப் பாஷை இராயப்புவிடம் வந்து சேர்ந்தது.

றொடெல் ஒரு நாளும் அழுது இராயப்பு கண்டதில்லை. அவன் கற்றுக்கொடுத்ததும் அப்படித்தான். பகிடி, நக்கல், பாட்டு, பசி, ருசி. அவன் சொன்ன பகிடிகளுக்கெல்லாம் ராசா ஒன்று இருந்தது. கப்டன் சூப்பை வாயில் வைத்துவிட்டுக் குசினியைப் பார்த்துக் கத்துகிறார்: "டேய், உப்புக் கூடிப்போச்சு!" சமையற்காரன் உள்ளேயிருந்து சொல்கிறான்: "நான் இன்னும் உப்புப் போடல்ல, கப்டன். கடல் இப்பதான் குசினிக்குள்ள வந்திரிக்கு." ஏழு வருடத்தில் எழுநூறு தரம் கேட்டும், இதற்கு இராயப்பு கையிலிருந்த கிழங்கை நழுவ விடுவார்.

மால்டீஸ் வந்த வழி வேறு. எண்பத்து மூன்றில், கப்பலைத் திருத்தவென்று மால்டாத் தீவில் கட்டியிருந்தபோது, ஏணியிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தது. கப்பல் போய்விட்டது. இராயப்பு நாலு மாதம் ஆசுப்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். பக்கத்துக் கட்டிலில் சல்வு என்ற கிழவர், பேக்கரிக்காரர். அந்த மனிதருக்கு நோகாத இடமே உடம்பில் இல்லை. காலையில் முனகுவார், பகலில் செபமாலை சொல்லுவார், பின்னேரம் தாதிமாரைப் பற்றிக் குறை சொல்லுவார். இடைக்கிடை பாண் புளிக்க வைக்கிற பக்குவமும் சொல்லுவார். நாலு மாதம் காதைத் திருப்பக்கூட இடமில்லாமல் கிடந்தால் யாருக்குத்தான் ஒரு பாஷை வராது?

ஆகக் கடைசியில் நடந்தது என்னவென்றால், இராயப்புவுக்குச் செபுவானோவில் அழத் தெரியாது, மால்டீசில் சிரிக்கத் தெரியாது. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. இரண்டு பாஷை முழுசாகத் தெரிந்தவர் என்றுதான் ஊருக்கு வந்து இறங்கினார். ஒரு கொப்பியில் இடது பக்கம் செபு, வலது பக்கம் மால்டா என்று, இரண்டையும் ஒப்பிட்டுத் தமிழ் எழுத்தில் எழுதி, கப்பற்காரர் புத்தகத்தோடு றங்குப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். சல்வுக் கிழவரின் பக்குவத்தில் பாண் போட்டு, பெட்டியைச் சைக்கிளில் கட்டி, பாதையில் ஏறி வாவிக்கு அங்கால் படுவான்கரைக்கும் கொண்டுபோய் விற்றார். பாதை என்றால் நம்மவர்களுக்குத் தெரியும், வெளியூர்க்காரருக்குச் சொல்ல வேண்டும்: சைக்கிளையும் மாட்டையும் மனிதரையும் ஒன்றாக ஏற்றி வாவியைக் கடக்கிற மிதவை.

மனைவி பீற்றிஸ் எண்பதாம் ஆண்டு, லீவில் வந்து நின்ற இந்தக் கப்பற்காரரைக் கட்டியதே அவர் கதைகளைக் கேட்டுத்தான். ஊர் "புளுகன்" என்றபோதெல்லாம், "என்ட மனிசன் பாத்ததைத்தான் சொல்றார்" என்று எல்லோருக்கும் முன்னால் நின்று சொல்லுவாள். அந்த ஒரு சொல்லுக்காகவே இராயப்பு மீசையை அந்த அளவுக்கு வளர்த்தார் என்று சொன்னாலும் பிழையில்லை.

இரண்டாயிரத்து நாலு மார்கழி முதற்கிழமை, விடாத மழை. நல்லரத்தினத்தின் தேத்தண்ணிக் கடைக்குள் ஒதுங்கியவர்களில், பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடியின் ஸகியாவும் ஒருத்தி. ஒன்பது வருடம் குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டு வந்து, சீலைப் பொட்டளியோடு ஊர் ஊராகப் போய் விற்கிறவள். இராயப்பு வழக்கம்போல மால்டாவில் ஏணியிலிருந்து விழத் தொடங்கியிருந்தார்.

"இராயப்பு அண்ணன்," என்றாள் ஸகியா, "அங்க பாணுக்கு என்ன பேர்?"

"ஹொப்ஸ்."

ஸகியா கோப்பையை வைத்தாள். "குவைத்தில குபுஸ் எண்டு சொல்ற. கடலுக்கு?"

"பஹர்."

"அங்கயும் பஹர்தான். ஒண்டு, ரெண்டு எண்ணுங்க பாப்பம்."

"வீஹெத், த்னெய்ன், த்லீத்தா, எர்பா, ஹம்சா…"

ஸகியா கடைக்காரரைப் பார்த்துத் திரும்பினாள். "நல்லரத்தினம் அண்ணன், இந்த மனிசன் மால்டாவுக்குப் போகல்ல. காத்தான்குடிக்குப் போய் வந்திரிக்கார். அதுவும் பஸ்ஸில."

கடை அதிர்ந்தது. இராயப்பு கையை உயர்த்தினார். "சிரிக்காதீங்க. அந்தத் தீவை முந்தி அரபிக்காரர் ஆண்டவங்க. மறுகா இத்தாலிப் பக்கத்து ஆக்கள் வந்தாங்க. பாஷைக்கு எலும்பு அரபி, சதை இத்தாலி. ஆனா வேதம் நம்மட வேதம். கோயில்ல கடவுளுக்கு அவங்க சொல்ற பேர் என்ன தெரியுமா? அல்லா."

"கோயில்லயா!"

"கோயில்லதான். தவக்காலத்துக்குப் பேர் ரன்தான். மாதாவுக்குச் சொல்ற செபம் தொடங்கிறதே 'ஸ்லீம் ஆலிக் மரீயா' எண்டு."

"மர்யம் நாயகிக்கு ஸலாம் சொல்றாங்களா?" ஸகியா வைத்த கோப்பையை மறுபடி கையில் எடுத்தாள். பிறகு, "வடிவாத்தான் இரிக்கு. ஆனா நம்ப ஏலா," என்றாள்.

"சரி மச்சான், அதை விடு," என்றார் நல்லரத்தினம். "மற்றதை எடு. செபுவில மேசைக்கு என்ன?"

"லமேசா."

"சப்பாத்துக்கு?"

"சப்பாத்தோஸ்."

"குசினி?"

"குசினா."

"பாண்?"

இராயப்பு கொஞ்சம் தயங்கினார். "பான்."

நல்லரத்தினம் தேத்தண்ணி ஆற்றுகிற கோப்பையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். "முன்னால ஒரு 'ல', பின்னால ஒரு 'ஸ்'. இதுக்கு ஏழு வருஷம் கப்பல்ல போகணுமா? இந்த வாங்கில இருந்தே நான் செஞ்சு தருவனே!"

"வாங்குக்கு பங்கோ," என்றார் இராயப்பு, உண்மையை மறைக்கத் தெரியாத மனிதர்.

இப்படி ஒரு சோதனை வேறு எந்த ஊர்க்காரருக்கும் வந்திருக்காது. ஒரு பாஷை பக்கத்து ஊர் அரபியைப் போல இருந்தது. மற்றது நம்முடைய வீட்டுத் தளபாடத்தைப் போல இருந்தது. கடலால் எவ்வளவோ தூரம் போய் அவர் சுமந்து வந்த இரண்டு மூட்டையையும் அவிழ்த்தால், உள்ளே தேற்றாத்தீவும் காத்தான்குடியும் இருந்தன.

"நமக்குப் பறங்கியன், போர்த்துக்கல்காரன், கொண்டு வந்தான், அவங்களுக்கு ஸ்பெயின்காரன் கொண்டு போனான்," என்று இராயப்பு மன்றாடினார். "ரெண்டு பேரும் அங்க பக்கத்து வீட்டுக்காரர். சாமானைக் கொண்டுபோய் வைச்ச வீட்டில சாமான்ட பேரையும் வைச்சிட்டுப் போயிருக்காங்க. மேசை கதிரையத் தூக்கி வெளிய போட்டிட்டுப் பாருங்க, உள்ள வேற பாஷை இரிக்கு. மீன் இஸ்டா. கடல் டாகட். எண்ணுறது உசா, டுஹா, துலோ. மால்டாக்காரன் ஒரு சொல்லில மூண்டு எழுத்த எலும்பா வைச்சுக்கொண்டு உள்ளுக்குச் சதையை மாத்தி மாத்திச் சொல்லுவான். செபுக்காரன் எலும்பில கை வைக்க மாட்டான். முன்னாலயும் பின்னாலயும் றெயில் பெட்டி மாதிரிக் கொழுவிக்கொண்டே போவான். இன்னொண்டு. மால்டாவில 'நாங்க'வுக்கு ஒரு சொல்லுத்தான். செபுவில ரெண்டு. கேக்கிற ஆளையும் சேர்த்தா ஒண்டு, விட்டிட்டா ஒண்டு."

"நீ வேலைக்கு எங்களைச் சேர்த்துச் சொல்லுவாய், வடைக்கு விட்டிட்டுச் சொல்லுவாய்," என்றார் நல்லரத்தினம். "இஞ்ச பார் மச்சான். ஒரு செபுக்காரரும் ஒரு மால்டாக்காரரும் இந்த ஊருக்கு வந்து, உன்னோட கதைச்சு, ஓம் எண்டு சொல்லட்டும். நம்புறம். இல்லாட்டி மீசை போகணும்."

இராயப்பு மீசையைத் தொட்டார். "இடது பக்கம் செபுவுக்கு. வலது பக்கம் மால்டாவுக்கு. எப்ப வந்தாலும் சரி."

கடை மறுபடி சிரித்தது. தேற்றாத்தீவுக்குச் செபுவிலிருந்து யார் வரப்போகிறார்கள்? கொழும்பிலிருந்தே ஆள் வந்து எத்தனை மாதம்! மழை விட்டதும் அவரவர் குடையை எடுத்துக்கொண்டு போனார்கள்.

மூன்று கிழமை கழித்து உலகம் முழுவதும் தேற்றாத்தீவுக்கு வந்தது.

நத்தார் என்கிற கிறிஸ்மஸுக்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை, கடல் ஊருக்குள் ஏறியது. பீற்றிஸும் இராயப்புவும் கோயிலில் இருந்தார்கள். திரும்பி வந்தபோது கடற்பக்கத்து வீடு இருந்த இடத்தில் அடுப்புக் கல் மூன்றும் கிணற்றுக் கட்டும் இருந்தன. குசினி, பேக்கரி அடுப்பு, றங்குப் பெட்டி ஒன்றும் இல்லை. பீற்றிஸின் அக்கா புஸ்பம் கடற்கரை வீதியில் இருந்தவள். அவளைத் தேடினார்கள். கிடைக்கவில்லை. நல்லரத்தினத்தின் கடையில் ஒரு வாங்கு மட்டும் வாவியில் மிதந்ததாகச் சொன்னார்கள்.

பள்ளிக்கூடத்து முகாமில் பாய் விரித்து இருந்தபோது வெளிநாட்டுக்காரர் வந்துகொண்டே இருந்தார்கள். கூடாரம் தந்தார்கள், ஊசி போட்டார்கள். இரண்டாம் கிழமை வந்த மருத்துவக் குழுவில் மெர்லின்டா என்ற தாதி இருந்தாள். முகாமில் இங்கிலீஷ் தெரிந்தவள் றஜனி டீச்சர்தான். எந்த ஊர் என்று டீச்சர் கேட்க, அவள் "செபு" என்றாள். டீச்சர் நாலடி பாய்ந்து போய் இராயப்புவைக் கையில் பிடித்து இழுத்து வந்தாள்.

மெர்லின்டாவின் முகம் விளக்கேற்றியது போல ஆனது. இரண்டு கிழமையாகத் தன் பாஷை காதில் விழாதவள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு மளமளவென்று கேட்டாள். சாப்பிட்டீர்களா, வீடு எங்கே, யாரும் போய்விட்டார்களா. இராயப்புவுக்கு எல்லாம் விளங்கியது. சுற்றிவர ஊர் நின்றது. நல்லரத்தினம் நின்றார். பீற்றிஸ், புஸ்பத்தின் சீலைத் துண்டொன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

இராயப்பு வாயைத் திறந்தார்.

திறந்த வாயின் வாசலில் வரிசையாக வந்து நின்றவை றொடெல் போட்டவைதான். கடல் என்ற சொல் இருந்தது, குசினி என்ற சொல் இருந்தது. ஆனால் எல்லாம் பகிடிகளுக்குள் இருந்தன. ஒன்றைப் பிடித்து இழுத்தால் பகிடி முழுவதும் கூட வந்துவிடும். முன்னால் நின்றது எது? கடல் இப்பதான் குசினிக்குள்ள வந்திரிக்கு.

இராயப்பு வாயை மூடினார். ஒரு நன்றிகூட வரவில்லை. மெர்லின்டா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, அவர் கையைத் தடவிக் கொடுத்து அடுத்த ஆளிடம் போனாள்.

"விடு மச்சான்," என்றார் நல்லரத்தினம், அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது. "கடையே இல்ல, மறுகா பந்தயம் எங்க?"

"கடை போனா, சொன்ன சொல்லும் போகுமா?" என்று இராயப்பு யாரிடமோ சவரக்கத்தி வாங்கிக்கொண்டு தண்ணீர்த் தாங்கிப் பக்கம் போனார். கண்ணாடி இல்லாமல், வாளித் தண்ணீரில் முகம் பார்த்து, இடது பக்கத்தை வழித்தார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வரிசை நின்றபோது கோப்பையோடு வந்து சேர்ந்தார். ஒருவர் பார்த்தார், மற்றவரைத் தட்டினார். கண்ணகை என்ற கிழவி, பதினாறு நாளாக யாரோடும் ஒரு சொல் பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவள், தலையைத் திருப்பி இராயப்புவை மேலும் கீழும் பார்த்து, "அடேய், மற்றதைக் கடல் கொண்டு போயிற்றா?" என்றாள். முதலில் சிரித்ததும் அவள்தான். பிறகு வரிசை சிரித்தது. சிரிப்பு மண்டபத்துக்குள் போய் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. சிரித்துக்கொண்டிருந்த சிலர் இடையில் அழவும் செய்தார்கள்.

பீற்றிஸ் சிரிக்கவில்லை. அவரைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள்.

"இஞ்சேருங்க. அந்தப் புள்ள கையப் பிடிச்சுக் கேட்டிச்சே. ஒரு சொல்லு? ஒரே ஒரு சொல்லு? இருபத்தஞ்சு வருஷமா என்னட்டச் சொன்னதெல்லாம் புளுகா? ஊருக்கு முன்னால நிண்டு நானெல்லா கத்தின, என்ட மனிசன் பொய் சொல்லார் எண்டு!"

"புளுகில்ல, புள்ள."

"மறுகா ஏன் பேசல்ல?"

ஏன் பேசவில்லை என்று சொல்வதென்றால் பகிடியைச் சொல்ல வேண்டும். அக்காவின் சீலைத் துண்டு அவள் கையில் இருந்தது. "இனி என்னட்டக் கப்பல் கதை கதைக்காதீங்க," என்று பீற்றிஸ் போய்விட்டாள். மெர்லின்டாவின் குழு பங்குனியில் வேறு நாட்டுக்குப் போனது. இராயப்பு வலப்பக்க மீசையை முறுக்கிக்கொண்டு மால்டாக்காரருக்காகக் காத்திருந்தார். அவருக்கு ஊர் நம்புவது வேண்டாம். அந்த ஒருத்தி நம்பினால் போதும்.

வருடங்கள் போயின. உள்வீதிப் பக்கம் இரண்டு அறை வீடு கிடைத்தது, புதுப் பேக்கரி அடுப்பும் கட்டினார். சண்டை மறுபடி மூண்டது. பாதைக்கு இந்தக் கரையில் ஆமிச் சோதனைச் சாவடி. அடையாள அட்டையில் இருந்த இராயப்புவுக்கு முழு மீசை.

"ஐயா," என்றான் காவலுக்கு நின்ற சிப்பாய், தெரிந்த தமிழில், "மற்றப் பாதி எங்க?"

"பிலிப்பைன்சில."

அந்தப் பதிலுக்கு வெயிலில் இரண்டு மணித்தியாலம் இருத்தினார்கள். அட்டையை ஒருவர் மாறி ஒருவர் பார்த்தார்கள், கையால் பாதிப் படத்தை மறைத்துப் பார்த்தார்கள், மறுபாதியை மறைத்துப் பார்த்தார்கள். அரை மீசை யாருக்கோ சைகை என்று ஒரு அதிகாரிக்குச் சந்தேகம். அக்கரையில் இறங்கினால் இயக்கத்துப் பொடியன்களுக்கும் அதே சந்தேகம். "ஆருக்கு ஐயா இந்த அடையாளம்?" என்று கேட்டு அவர்களும் ஒரு மணித்தியாலம் மறித்து வைத்தார்கள். ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு படையும் ஒத்துப்போன ஒரே விசயம் இராயப்புவின் மீசை என்று படுவான்கரையில் சொல்லிச் சிரிப்பார்கள். மூன்றாம் கிழமை இரு பக்கமும் பழகிவிட்டது. "அரை மீசைப் பாண்" என்றால் கொக்கட்டிச்சோலை வரை தெரியும். மழித்துவிட்டால் வேலை சுலபம் என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். "அது மால்டாவுக்குரிய பக்கம். நான் கை வைக்க ஏலா," என்பார். ஸகியா மட்டும் பொட்டளியோடு வரும்போதெல்லாம், "மால்டாவால கடிதம் கிடிதம் வந்திச்சா?" என்று கேட்டு ஒரு பாண் வாங்கிப் போவாள்.

பீற்றிஸ் எல்லாம் கதைப்பாள். கப்பலைப் பற்றி மட்டும் கேட்க மாட்டாள்.

இரண்டாயிரத்து ஒன்பது வைகாசியில் சண்டை முடிந்தது என்று றேடியோ சொன்னது. பட்டணத்தில் கொடி கட்டினார்கள், வெடி கொளுத்தினார்கள். தேற்றாத்தீவில் என்ன முகத்தை வைத்துக்கொள்வது என்று யாருக்கும் தெரியவில்லை. பீற்றிஸின் தம்பி வன்னியில் கலியாணம் முடித்தவன். தை மாதத்துக்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. இருக்கிறானா என்று வாய்விட்டுக் கேட்கவும் அவளுக்குப் பயம்.

ஆனி மாதத்தில் ஊர்ப் புனித யூதாததேயு கோயிலுக்கு ஒரு வெளிநாட்டுக் குருவானவர் வந்தார். பாதர் கார்மெனு. பூசை முடிந்து வளவுக்குள் கதிரை போட்டு இருந்தார். றஜனி டீச்சர் இங்கிலீஷில் கேட்டுத் தமிழில் சொன்னாள்: "எப்படி இரிக்கிறீங்க எண்டு பாதர் கேக்கிறார்."

"நல்லா இரிக்கம்," என்றார்கள் எல்லோரும். வாசல் படலையடியில் முன்பின் தெரியாத ஒரு மனிதர், யார் என்ன சொல்கிறார்கள் என்று எழுத, மடித்த பேப்பரும் பேனையுமாக நின்றுகொண்டிருந்தார். அவர் நிற்கும்வரை எல்லோரும் நல்லாத்தான் இருப்பார்கள்.

"பாதர் எந்த நாடு?" என்று நல்லரத்தினம் சும்மா கேட்டார். டீச்சர் கேட்டாள். பாதர் சொன்ன பதில் எல்லோருக்கும் விளங்கியது. மொழிபெயர்க்கத் தேவையில்லாத ஒரே ஒரு சொல்.

எல்லாத் தலையும் இராயப்புவின் பக்கம் திரும்பியது. பீற்றிஸின் தலையும்.

இராயப்பு முன்னால் வந்து, சல்வுக் கிழவர் சொல்லுகிற அதே இழுவையில், "ஸ்லீம் ஆலிக் மரீயா," என்று தொடங்கினார். பாதர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். செபம் முடிந்ததும் இராயப்பு நிற்கவில்லை. பீற்றிஸைக் கையில் பிடித்து முன்னால் நிறுத்தி, தன் நெஞ்சில் கை வைத்து, "துஜானி" என்றார். நோகுது. எங்கே நோகுது, எப்போதிருந்து நோகுது, இரவில் நித்திரை இல்லை, சாப்பாடு இறங்குவதில்லை, மருந்து ஒன்றும் கேட்பதில்லை, யாரும் வந்து பார்ப்பதில்லை. ஆசுப்பத்திரியில் சல்வு நாலு மாதம் முனகியதில் ஒரு சொல்லும் வீண்போகவில்லை. இவளுக்கு நோகுது, இவள் தம்பிக்கு என்னவோ தெரியாது, அவன் பெயர் இது, பிள்ளைகள் இத்தனை. பிறகு ஊரைக் கை காட்டினார். இவருக்கும் நோகுது. அவளுக்கும் நோகுது. பாதர் கேட்டுக்கொண்டே மறுபடி கதிரையில் அமர்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

படலையடி மனிதர் எழுத ஒன்றும் இல்லாமல் நின்றார். பிறகு இராயப்புவை மறித்து, "என்ன சொன்னீங்க?" என்று கேட்டார்.

"நோவு எண்டு சொன்னன், தம்பி," என்றார் இராயப்பு. பொய்யில்லை.

போகும் முன் பாதர் டீச்சரிடம் சிரித்துக்கொண்டு ஏதோ சொன்னார். டீச்சர் தமிழில் சொன்னாள்: "இவர் கதைக்கிறது, பாதர்ட தாத்தா கட்டில்ல கிடக்கக்குள்ள கதைச்ச மாதிரியே இரிக்காம். மால்டீஸ் நல்லாத் தெரியுமாம். ஆனா சந்தோசமான சொல்லு ஒண்டுகூடத் தெரியாதாம்."

"வலது பக்கம் உனக்கு, மச்சான்," என்றார் நல்லரத்தினம். ஸகியாவுக்குச் செய்தி போய், அடுத்த கிழமை அவள் தானாகவே வந்து "ஸ்லீம் ஆலிக்" சொன்னாள்.

பாதர் தேடிப் பார்த்ததில், ஆவணியில் தம்பியிடமிருந்து கடிதம் வந்தது. தம்பி குடும்பம் உயிரோடு வவுனியா முகாமில். பீற்றிஸ் கடிதத்தை மூன்று தரம் வாசித்துவிட்டுப் பேக்கரி அடுப்படிக்கு வந்தாள்.

"அப்ப செபுவும் தெரியும்தானே?"

"தெரியும்."

"மறுகா ஏன் அண்டைக்கு?"

"சொல்ல ஏலா, புள்ள."

"மால்டாவுக்கு வாய் கிழியுது, செபுவுக்குப் பூட்டு. அங்க ஒருத்திய வைச்சிரிந்தீங்களோ?"

"கிழங்கு மூட்டைதான் வைச்சிரிந்தன்," என்றார் இராயப்பு. நல்ல பதில்தான். ஆனால் பாதி நம்பிக்கையோடு ஒரு பெண் அடுப்படியில் நிற்பது, ஒன்றுமே நம்பாமல் நிற்பதைவிடக் கஷ்டம்.

அந்த வருட நத்தாருக்கு மெர்லின்டா வந்தாள். வெளிநாட்டு உதவி நிறுவனங்கள் அலுவலகங்களைப் பூட்டிக்கொண்டு புறப்படுகிற காலம்; அவளும் அந்த வேலையாகத்தான் திரும்பி வந்திருந்தாள். பழைய முகாம் ஆட்களை ஒருதரம் பார்த்துவிட்டுப் போக வந்தவளை, டீச்சர் நேரே இராயப்பு வீட்டுக் குசினிக்குக் கூட்டி வந்தாள். நல்லரத்தினமும் பின்னால் வந்தார். ஸகியா நத்தார்ப் பலகாரத்துக்கு முன்பே வந்து இருந்தாள். அடுப்பில் மீன் ஆணம் கொதித்தது.

பீற்றிஸ் அகப்பையைக் காட்டினாள். "இண்டைக்கு வாயைத் திறக்கல்லெண்டா, மற்றப் பக்கத்தை நானே வழிப்பன்."

இராயப்பு மெர்லின்டாவைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். ஐந்து வருடமாக வாசலில் முதலாவதாக நின்றுகொண்டிருந்த பகிடி, கதவு திறந்ததும் தானாக வெளியே வந்தது. கப்டன் சூப்பை வாயில் வைத்தார், கத்தினார், சமையற்காரன் பதில் சொன்னான். றொடெலின் குரல், றொடெலின் கை.

மெர்லின்டா வெடித்துச் சிரித்தாள். அம்மா சொல்லித் தந்ததையே கேட்டதுபோல் சிரித்தாள். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு பீற்றிஸைப் பார்த்தாள்.

"என்னவாம்?" என்றாள் பீற்றிஸ். "தமிழில சொல்லுங்க."

"வேணாம், புள்ள."

"சொல்லுங்க எண்டன்."

இராயப்பு நிலத்தைப் பார்த்துக்கொண்டு தமிழில் சொன்னார். உப்புக் கூடிப்போச்சு. நான் இன்னும் உப்புப் போடல்ல. கடல் இப்பதான் குசினிக்குள்ள வந்திரிக்கு.

நல்லரத்தினம் தலையைக் குனிந்துகொண்டார். பீற்றிஸ் அகப்பையோடு அப்படியே நின்றாள். அந்த முகாம், அந்தப் பிள்ளை பிடித்த கை, திறந்து மூடிய வாய், எல்லாம் அவளுக்கு இப்போது ஒழுங்காகப் பொருந்தி வந்திருக்க வேண்டும்.

"இதைத்தானா," என்றாள், "அண்டைக்கு வாய்க்குள்ள வைச்சிரிந்தீங்க?"

"ஓம்."

"இதுக்குத்தானா அஞ்சு வருஷம் பாதி மீசை?"

"வேற ஒண்டும் வரல்ல, புள்ள. அந்தப் பாஷையில எனக்குத் துக்கத்துக்குச் சொல்லு இல்ல."

பீற்றிஸ் அகப்பையை ஆணத்தில் விட்டு, கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்தாள். "உப்புக் கூடிப்போச்சு," என்றாள். பிறகு சிரிப்பு அவளை மடக்கி அடுப்படிப் பலகையில் இருத்திவிட்டது. மெர்லின்டா சிரித்தாள், ஸகியா முந்தானையைக் கடித்துக்கொண்டு சிரித்தாள், நல்லரத்தினம் வாசலுக்குப் போய் நின்று சிரித்தார். பீற்றிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கட அக்கா இரிந்தா நிலத்தில உருண்டிருப்பா," என்றாள். அக்காவின் பெயரை வைத்து அந்த வீட்டில் யாரும் சிரித்தது அன்றுதான் முதல்.

இடது பக்க மீசை தை மாதத்துக்குள் வளர்ந்துவிட்டது. ஆனால் ஐந்து வருடம் ஒதுங்கி இருந்த கோபமோ என்னவோ, முழுக்க வெள்ளையாக வந்தது. வலது பக்கத்துக்கு அவர் கறுப்புப் பூசுவதை விடவில்லை. சோதனைச் சாவடியில் கடைசியாக நின்ற சிப்பாய் அட்டையையும் முகத்தையும் பார்த்து, "ஐயா, இப்ப ரெண்டு பேரா?" என்று கேட்டு ஒரு பாண் வாங்கினான்.

கப்பல் கதை இப்போது பீற்றிஸின் கையில். பாண் வாங்க வருகிற யாரையும் அவள் கப்டனின் சூப்புக் கதையைக் கேட்காமல் விடுவதில்லை. கப்டன் பேசுவது செபுவில், சமையற்காரன் பேசுவது மால்டாவில். "அப்பிடி இல்ல, புள்ள, ரெண்டும் வேற வேற," என்று இராயப்பு அடுப்படியிலிருந்து கத்துவார். "உங்களுக்கென்ன தெரியும்," என்பாள் அவள், "நான் பாத்ததைத்தான் சொல்றன்."